முதல் மணி நேர வருகைப் பதிவும் எல்லாருக்குமான கல்லூரியும்

ஒரு கல்லூரி எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டாம். காலை முதல் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அப்புறம், உதவித்தொகைப் படிவத்தோடு பிள்ளைகள் நிற்கிற அலுவலக ஜன்னலுக்குப் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். விஷயம் தெரிந்துவிடும்.

மதுரையில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பல ஆண்டுகள், பிறகு சம வாய்ப்பு மையப் பொறுப்பாளர், கடைசியில் துணை முதல்வர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தப் பொறுப்புகளுக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்கிருந்து ஆரம்பிக்கிறது மேம்?" அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குழு அமைப்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் ராகிங் தடுப்பு விதிகளையும், 2012-ல் சமத்துவ விதிகளையும், 2015-ல் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளையும் கொண்டுவந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஆள், கூட்டம், கூட்டக் குறிப்பு எல்லாம் வேண்டும். கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) நடத்தும் மதிப்பீட்டில் ஏழாவது அளவுகோலே நிறுவன விழுமியங்களும் சிறந்த நடைமுறைகளும்தான். ஆகவே தாளில் எல்லாம் இருக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் இந்தக் குழுக்கள் அத்தனையிலும் அதே நாலைந்து ஆசிரியர்கள்தான் இருப்பார்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு வகுப்பு நேரம் குறையாது, அதிகாரமும் இருக்காது.

பொறுப்பை ஏற்கும் முன் முதல்வரிடம் நான் கேட்டது இதுதான்: கால அட்டவணை, அலுவலக நேரம், விடுதி அறை ஒதுக்கீடு, தேர்வு ஏற்பாடு இந்த நாலிலும் மாற்றம் தேவைப்பட்டால், நான் வரைவு எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? அவர் யோசித்துவிட்டு, "துறைத் தலைவர்களோட பேசிட்டுக் கொண்டாங்க, போடுறேன்" என்றார். அந்த ஒரு சம்மதம் இல்லாமல் பின்னால் சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது. மகளிர் தினத்துக்கும் சமத்துவ நாளுக்கும் மேடை போடுவது தவறில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வலிப்பது அன்றாட விதிகளில். அவற்றை மாற்றும் அதிகாரம் மேலே இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

முதல் மணி நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கமிருந்து நிறையப் பிள்ளைகள் வருவார்கள். மல்லிகைத் தோட்டங்கள் உள்ள ஊர்கள் அங்கே உண்டு. பூவை மொட்டாகவே எடுக்க வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது. அதனால் விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். எடுத்த எடைக்குத்தான் கூலி. மொட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் பிள்ளை வீட்டுக்கு வந்து குளித்து, பஸ் பிடிக்க முடியும். சீசனில் வீட்டில் எல்லாரும் இறங்கியாக வேண்டும், கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குத் தனிச் சலுகை கிடையாது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாங்கள் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தோம். அந்த மல்லியை எடுத்துவிட்டு வந்த பெண்ணுக்கு முதல் மணியில் ஆப்சென்ட் போட்டோம். முதல் மணி போனால் அரைநாள் போச்சு என்பது எங்கள் கணக்கு. அரைநாள் அரைநாளாகச் சேர்ந்து 75 சதவீதம் இறங்கிவிடும். அப்புறம் வருகைக் குறைவுக்கு அபராதம் கட்ட வேண்டும். கூலிக்குப் போனதால் விழுந்த ஆப்சென்ட்டுக்கு அந்தக் கூலியையே கட்டுகிற நிலைமை.

முதல் வேலையாக, முதலாண்டு வகுப்புகளில் அரைத்தாள் ஒன்று கொடுத்து எழுதி வாங்கினோம். எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறாய், கிளம்பும் முன் என்ன வேலை, உன் நிறுத்தத்தில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது. இவ்வளவுதான் கேள்விகள். ஜாதி, வருமானம் எதுவும் கேட்கவில்லை. தாள்களை ஊர்வாரியாக அடுக்கியதும் எங்கள் கால அட்டவணை யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது என்று தெரிந்துவிட்டது. கல்லூரியிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் வீடு உள்ளவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் மணியின் தொடக்கத்தில் எடுத்த வருகையை அதன் முடிவில் எடுப்பது. ஆய்வக வகுப்பையும் உள்தேர்வையும் முதல் இரண்டு மணிகளில் வைக்காமல் இருப்பது. இதற்கே துறைத் தலைவர்கள் கூட்டத்தில் கடுமையான எதிர்ப்பு வந்தது. ஒழுக்கம் போய்விடும், பக்கத்துத் தெருப் பையனும் லேட்டாக வருவான் என்றார்கள். அந்த அச்சம் நியாயமானது, அதை அலட்சியம் செய்யக்கூடாது. முதல்வர் வாக்கெடுப்பு நடத்தவில்லை. "ஒரு செமஸ்டர் பார்ப்போம், சரிவரலைன்னா நானே திருப்பி மாத்துறேன்" என்று சொல்லிச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டார். செமஸ்டர் முடிவில் பழையபடி மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருப் பையன்கள் முன்பு வந்த நேரத்துக்கே வந்தார்கள்.

அதே தாள்களை வைத்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் மனு கொடுத்தோம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எங்கள் மாணவிகளுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்தப் பஸ் சரியான நேரத்தில் வந்தால்தானே? வெறுமனே 'பேருந்து வசதி வேண்டும்' என்று எழுதினால் மனு அடுக்கில் போய்ச் சேரும். எந்த நிறுத்தத்தில், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று பட்டியல் இணைத்துக் கொடுங்கள். எங்களுக்கு ஒரு வழித்தடத்தில் நேரத்தை முன்னால் தள்ளித் தந்தார்கள். இன்னொன்றில் முடியாது என்றார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு மாற்றம்தான் கைகொடுத்தது.

அடுத்து உதவித்தொகை. நம் கல்லூரிகளில் இன்றும் நடக்கிற ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நடக்கும்போது அலுவலக உதவியாளர் தாளோடு வருவார். ஆசிரியர் அதைப் பார்த்து, "எஸ்.சி., எஸ்.டி. பசங்கல்லாம் எந்திரிங்க, ஆபீஸ்ல கூப்பிடுறாங்க" என்பார். அறுபது பேர் பார்க்க, பதினைந்து பேர் எழுந்து நடப்பார்கள். சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் முதலாண்டின் முதல் மாதத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு மதியம் சாப்பிட உட்காரும் இடங்கள் மாறுவதை நானே வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன். பெயரோடு இனத்தையும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் இதே காரியம்தான்.

இதை நிறுத்த ஒரு நயாபைசா செலவில்லை. உதவித்தொகைச் செய்தி தனித்தனியாகப் போனில்தான் போக வேண்டும், பட்டியல் பலகைக்கு வரக்கூடாது, வகுப்பில் யாரையும் இனம் சொல்லி எழுப்பக்கூடாது என்று சுற்றறிக்கை போட்டோம். அலுவலகக் கண்காணிப்பாளரோடு உட்கார்ந்து பேசி, ஜன்னலை மதிய இடைவேளையில் திறந்துவைக்க ஏற்பாடு செய்தோம். முன்பு அது திறந்திருந்ததெல்லாம் வகுப்பு நேரத்தில்தான். படிவத்துக்காக வகுப்பை விட்டால் வருகை குறையும், வருகை குறைந்தால் உதவித்தொகை சிக்கலாகும். இந்தச் சுழலில் மாட்டிய பிள்ளைகள் நிறையப் பேர்.

பணம் வராமல் போவதற்கு இன்னொரு காரணம் வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1000 ரூபாய் நேரே கணக்குக்கு வருகிறது. "எனக்கு மட்டும் வரலை மேம்" என்று வருகிற பிள்ளையின் பாஸ்புக்கைப் பார்த்தால் ஆதார் எண் சரியாகவே இருக்கும். கணக்கில் ஆதார் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. எனும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் இணைந்திருப்பது வேறு. கடைசியாக எந்த வங்கியில் இணைத்தார்களோ அங்கேதான் போகும். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து மறந்துபோன கணக்கில் பணம் கிடந்த கதையெல்லாம் உண்டு. எந்த வங்கி என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், ஆனால் ஓ.டி.பி. வருகிற எண் அப்பா எப்போதோ தூக்கிப் போட்ட சிம்மாக இருக்கும். ஆகவே சேர்க்கை நடக்கிற வாரத்திலேயே அஞ்சலகக்காரர்களையும் ஆதார் மையத்தாரையும் வளாகத்துக்கு அழைத்து, எண் மாற்றுவதையும் கணக்கு இணைப்பதையும் அங்கேயே முடித்துவிடுங்கள். செப்டம்பரில் செய்தால் வருடம் முழுக்க அலைச்சல்தான்.

பார்வையற்ற மாணவர்கள் விஷயத்தில் நான் கற்றது அதிகம். சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தால் மதுரைக்குப் பல மாவட்டப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் அவர்களுக்கு. இடம் கொடுத்துவிட்டோம், சரி. உள்ளே வந்த பிறகு?

தமிழ் இலக்கியம் படித்த ஒரு மாணவர் ஒருநாள் மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார். "மேம், எங்க சார் அனுப்புன நோட்ஸைக் கொஞ்சம் கேளுங்க" என்று, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானை ஓடவிட்டார். அவர் வைத்திருந்தது இலவசமாகக் கிடைக்கிற என்.வி.டி.ஏ. அது வாசித்தது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளின் வரிசை. காரணம், நோட்ஸ் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. திரையில் 'தமிழ்' என்று நமக்குத் தெரியும், கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? புத்தகத்தைப் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அதுகூடக் கிடையாது, வெறும் மௌனம். அந்தப் பிள்ளை இரண்டாண்டுகளாக நண்பர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டே தேறியிருந்தார்.

கணினிக்குள்ளும் தமிழ் எழுத்து தமிழாகவே பதியும் முறை யூனிகோடு. தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டது. 'பாடக்குறிப்பு, வினாத்தாள், சுற்றறிக்கை எல்லாம் யூனிகோடில்' என்று நாங்களும் ஆணை போட்டோம். ஆணை மட்டும் போதவில்லை. பாமினியில் இருபதாண்டு தட்டச்சிய பேராசிரியருக்கு விரல் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம். கணினித் துறை மாணவர்கள் இருவரைத் துணைக்கு அமர்த்தி, பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றித் தரச் செய்தோம். பழைய விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோடு தட்டச்சும் மென்பொருளை அவர்கள் கணினியில் ஏற்றிக் கொடுத்தோம். முணுமுணுப்பு நின்றது.

ஸ்க்ரைப், அதாவது பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர், அந்த ஏற்பாட்டையும் தேர்வு வாரத்துக்கு விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி நேரம். அறைக் கண்காணிப்பாளருக்கு இது தெரியாமல் மூன்று மணி ஆனதும் தாளை வாங்க வந்த சம்பவம் நடந்திருக்கிறது. கண்காணிப்பாளர் கையிலேயே எழுத்து மூலமான உத்தரவு இருக்க வேண்டும். இலக்கியத் தேர்வுக்கு எழுத வருகிறவருக்கு ஒற்று எங்கே மிகும் என்று தெரியாவிட்டால் மதிப்பெண் போவது பார்வையற்ற மாணவருக்கு. முன்னதாகவே இருவரையும் உட்காரவைத்து ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்பவரின் வேகமும் எழுதுபவரின் வேகமும் அங்கேதான் ஒன்றுசேரும்.

ஜாதி பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் இதில் நாங்கள் முழுதாக வென்றோம் என்று சொல்ல முடியாது. 2023-ல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஜாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை வாசலில் வைத்து அறுத்துப் போடுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது என்பது என் அனுபவம், மறுநாள் பைக்கில் ஸ்டிக்கராக வரும். விடுதி அறையைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கியதும், ஆய்வக ஜோடியைப் பதிவெண்படி போட்டதும் கூடுதலாக உதவின. ஒரே அறையில் ஒரு வருடம் இருந்தவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஒருவரையொருவர் கூட்டிப் போனதை விடுதிக் காப்பாளர் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆசிரியர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. "எந்த ஊருப்பா?" என்று கேட்பது அன்பு. "அங்க எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்டால் எதற்கென்று பிள்ளைக்குத் தெரியும். அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்று எங்கள் முதல்வர் ஆசிரியர் கூட்டத்திலேயே, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் உறைக்கும்படி சொன்னார். தலைமை வாய் திறந்து பேச வேண்டிய இடம் அது.

இனி கிராமம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம். முகாம் என்றால் தெருவைக் கூட்டுவது, மரக்கன்று நடுவது, பேரணி, படம். ஒரு முகாமின் முதல் நாள், விளக்குமாறும் கையுமாக நாங்கள் நின்றபோது ஓர் அம்மா திண்ணையிலிருந்து கேட்டார்: "இந்தத் தடவையும் கூட்டத்தான் வந்தீகளா டீச்சரம்மா? எங்க தெருவ நாங்க கூட்டிக்கிருவோம். எம் பேத்தி பன்னெண்டு முடிச்சிட்டு வீட்ல கெடக்கு. அதுக்குச் சாதிச் சான்று வாங்க வழியிருக்கான்னு பாருங்க."

அவர்கள் காட்டுநாயக்கன் சமூகம். பழங்குடிச் சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தர வேண்டும். சான்று இல்லாமல் கல்லூரிச் சேர்க்கையில் பழங்குடியினருக்கான இடத்துக்குப் போட்டியிட முடியாது. அந்த முகாமின் வேலைத் திட்டத்தை அன்று இரவே மாற்றினோம். மாணவர்கள் வீடு வீடாகப் போய் குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, உறவினரில் யாருக்காவது ஏற்கெனவே கிடைத்த சான்று, பழைய பத்திரம் எனத் தேடி நகல் எடுத்துக் குடும்பத்துக்கொரு கோப்பு போட்டார்கள். அடுத்த மாதங்களில் இ-சேவை மையத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் முறைவைத்துக் கூடப் போனார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலருடைய மனு விசாரணையிலேயே நின்றது. அந்தப் பேத்திக்கு மறு வருடம் கிடைத்து, எங்கள் கல்லூரியிலேயே பி.காம். சேர்ந்தாள்.

முகாம் முடிந்த பிறகும் போகிற கல்லூரியைத்தான் ஊர் நம்புகிறது. அதற்கு நேரம் வேண்டும், நேரம் கால அட்டவணையில் இருக்க வேண்டும். திண்டுக்கல் சாலையில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது, அங்குள்ள கிராமியக் கல்வி நிறுவனம் 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மாணவர் கிராமத்தில் தங்கிப் பழகுவதை அங்கே பாடத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான், களப்பணிக்கு மதிப்பெண்ணும் வாரத்தில் ஒரு மதியமும் ஒதுக்கச் சம்மதித்தார்கள்.

அந்த மதியங்களில் பிள்ளைகள் கண்மாய்க் கணக்கெடுத்தார்கள். மடை எத்தனை, கலுங்கு எப்படியிருக்கிறது, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடவே நடந்து காட்டினார்கள். வழக்கமாக இப்படிப்பட்ட அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் துறை அலமாரிக்குப் போய்விடும். நாங்கள் தமிழில் எழுதி, ஊராட்சிக்கு ஒரு நகல் கொடுத்து, கிராம சபையில் மாணவர்களே வாசிக்கும்படி செய்தோம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கண்மாய் அறிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. வாசித்ததில் இரண்டு மடைகளின் கணக்கு தவறு என்று ஊர்க்காரர்கள் அங்கேயே திருத்தினார்கள். திருத்திய நகல்தான் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது.

கடைசியாக, பொறுப்பு கைமாறும் விஷயம். சம வாய்ப்பு மையப் பொறுப்பாளரை ஆண்டுதோறும் மாற்றுகிற கல்லூரிகள் உண்டு. பஸ் கிளை மேலாளர், கோட்டாட்சியர் அலுவலக எழுத்தர், அஞ்சலக அதிகாரி என்று பழகுவதற்கே ஒரு வருடம் ஆகும். குறைந்தது மூன்றாண்டு கொடுங்கள், வாரத்தில் நான்கு மணி வகுப்பைக் குறையுங்கள். பொறுப்பாளர் ஒரு நோட்டு வைத்திருக்கட்டும்: எந்த மனு எந்த மேசையில் நிற்கிறது, எந்த மாணவருக்கு எந்தப் பாடத்துக்கு யார் ஸ்க்ரைப், எந்த ஊருக்கு அடுத்து எப்போது வருவதாகச் சொல்லியிருக்கிறோம். நான் ஓய்வு பெற்றபோது என் நோட்டை வாங்கிக்கொண்ட இளம் ஆசிரியை, முதலில் நிலுவையில் நின்ற பழங்குடிச் சான்று மனுக்களின் பக்கத்தைத்தான் படமெடுத்துக்கொண்டார். அந்த வாரமே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போய்வந்தார்.